செப்டம்பரில் வெட்டிய முந்திரிகை

1. ஆகஸ்ட் நடுவில், அப்பா வேலை செய்யும் வீட்டில், சிஞ்ஞோராவின் முற்றத்துப் பந்தலில் பழம் பறித்தார்கள். விளைச்சல் மிகவும் குறைவு.

2. அதே வாரம், நான் படித்துக்கொண்டிருந்த வைன் சுவைப் பயிற்சியில், நான் பேச வேண்டிய நாடு இந்தியா என்று முடிவாயிற்று.

3. செப்டம்பர் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டு மேசையில், இந்தியத் தோட்டங்களைப் பற்றிய ஒரு பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்தின் முதற்பாதியை மட்டும்.

4. செவ்வாய்க்கிழமை அப்பா ஏணி வைத்து ஏறி, பந்தலின் இலை முழுவதையும் உருவி, கொடிகளையெல்லாம் வெட்டினார்.

5. பன்னிரண்டாம் நாள் தளிர் வந்தது.

6. புதுவருசத்துக்குப் பழம் தருவதாக அப்பா சிஞ்ஞோராவிடம் சொன்னார்.

7. எனக்கு அக்டோபர் இரண்டாம் வாரந்தான் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். இதில் மூன்றாவது வரியை எழுதத்தான் எனக்கு நாள் எடுத்தது.

முந்திரிகை என்று எங்கள் வீட்டில் சொல்வது திராட்சையை. அப்பா யாழ்ப்பாணத்தில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். சிசிலியின் பலேர்மோவுக்கு வந்த பிறகு பதினேழு வருடமாக லிபெர்த்தாத் தெருவில் ஒரே வீட்டில் வேலை செய்கிறார். தரை துடைப்பார், கபோ சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்குவார், மருந்துக் கடைக்குப் போவார், சிஞ்ஞோராவின் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பார். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் அந்த வீட்டு அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. தனியாக இருக்கிறார்.

வீட்டின் பின்னால் நான்கு கல்தூண்களின் மேல் ஒரு பந்தல். அதில் இருப்பது ஒரே கொடி. அடிமரம் என் தொடையளவு. மேலே நான்கு கைகளாகப் பிரிந்து பந்தலை மூடியிருக்கும். சிபிப்போ என்ற இனம். சிஞ்ஞோராவின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் பந்தெல்லேரியா தீவிலிருந்து ஒரு தடியாகக் கொண்டுவந்து நட்டது. அந்தத் தீவில் காற்றுக்குப் பயந்து கொடியைக் குழிக்குள் பதுக்கி வளர்ப்பார்கள். இங்கே காற்று அவ்வளவு இல்லாததால் பந்தலில் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் சிஞ்ஞோரா பழத்தைப் பாயில் பரப்பி வெயிலில் வாட்டி, பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் இனிப்பு வைன் செய்வார். குலைகளைத் திருப்பிப் போடுவதும் நசுக்குவதும் அப்பா. கொடி வெட்டும் வேலையை மட்டும் அப்பாவிடம் விடுவதில்லை. அதற்குப் பெப்ரவரியில் ஒரு தோட்டக்காரர் வருவார்.

சென்ற ஆண்டு கோடையில் நெடுநாள் சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் அந்த வெந்த காற்றில் காய்கள் பந்தலிலேயே வாடிப்போயின. குடுவை பாதிகூட நிரம்பவில்லை. சிஞ்ஞோரா வெறும் பாய்களைச் சுருட்டி வைத்தார் என்று அப்பா வந்து சொன்னார்.

நான் ஐந்து வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள். இங்கேயே பல்கலைக்கழகத்தில் வைன் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிழிசாற்றிலும் வைனிலும் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று அளந்து சொல்வோம். அளப்பது மட்டும் போதாது, சுவைத்தும் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியின் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவரும் வைனுக்குப் புதிதான ஒரு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். நாடுகளைப் பிரித்துக் கொடுத்தவர் எங்கள் கூடத்தின் தலைவிதான். அவரை நாங்கள் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிடுவோம்.

"உனக்கு இந்தியா. உனக்கு அது பக்கம்தானே" என்றார்.

"எனக்குத் துனிசியா இன்னும் பக்கம், தொத்தோரெஸ்ஸா. விடியக் கப்பல் ஏறினால் பின்னேரம் போய்ச் சேரலாம்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே இந்தியா என்று எழுதினார்.

நான் இந்தியாவைப் பார்த்ததில்லை. அதனால் ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்க, புதிய நாடு என்ற பேச்சு எனக்குப் பொருந்தாமல் போயிற்று. தமிழ்க் கரையில் மண்ணுக்குள் இருந்து கூரான அடி கொண்ட சாடிகளின் துண்டுகள் எடுத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடற்பக்கம் வைன் ஏற்றிய சாடிகள் அவை. அப்படியென்றால் இந்தக் கடலின் வைனை அங்கே குடித்திருக்கிறார்கள். தாங்களாகச் செய்தார்களா என்பதுதான் தெளிவில்லை. பிறகு போர்த்துக்கேயர் மேற்குக் கரைக்கு வந்தபோது திருப்பலிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அவர்களுக்கு வைன் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வடக்கு மலைகளில் தோட்டங்கள் போட்டார்கள். வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து அவற்றை அழித்தது. சிசிலியின் தோட்டங்களைத் தின்றதும் அதே பூச்சிதான். அந்த வரியை வாசித்தபோது இரண்டு இடங்களுக்கும் நடுவில் நூல் ஒன்று ஓடுவதுபோல் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் பல மாநிலங்களில் மதுவிலக்கு. கொடிகள் இருந்தன; பழம் தின்பதற்கும் உலர்த்துவதற்கும் போயிற்று. சில பத்தாண்டுகளுக்கு முன்தான் மேற்கு மலைச்சாரலில் சிலர் பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்து ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் குழம்பிப் போனார்களாம். அவர்களுக்குத் தெரிந்த கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவது. அங்கே கொடி உறங்குவதே இல்லை.

இதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். மாதா கோயிலால் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பூசைக்குப் பிறகு அப்பா வழக்கமாகக் கதைக்க மாட்டார். வாரம் முழுதும் நின்ற கால் ஓயட்டும் என்று நீட்டிக்கொண்டு இருப்பார்.

"அங்கை வருசத்துக்கு ரெண்டு தரம் வெட்டுறாங்களாம், அப்பா. பழம் எடுத்த கையோடை ஒருக்கா, மழை முடிய ஒருக்கா. தெற்கிலை ஒரு பள்ளத்தாக்கிலை வருசத்துக்கு மூண்டு போகமும் எடுக்கிறாங்களாம்."

அப்பா நிமிர்ந்தார். "பின்னை? வெட்டாமல் எப்பிடிக் காய்க்கும்? சும்மா விட்டா ஓடிக்கொண்டே இருக்கும், பூக்காது. நாங்களும் அப்பிடித்தானே செய்தனாங்கள்."

"எப்பிடி?"

"பழம் இறக்கினதும் தண்ணியை நிப்பாட்டுவம். நிலம் காய விட்டு, இலை எல்லாத்தையும் உருவி, கொடியை வெட்டி, எரு தாட்டு, பிறகு தண்ணி கட்டினாச் சரி. பன்னெண்டாம் நாள் தளிர். தளிரோடையே பூ."

அம்மா கறிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "கொடி வெட்டுற கதையெண்டா உங்கடை அப்பாவுக்குச் சோறும் வேண்டாம். பதினேழு வருசமா மொப்பைப் பிடிச்ச கை, இன்னும் கத்தரிக்கோலைத்தான் நினைக்குது."

"நீ பகிடி விடு. இவங்களுக்கு ஒரு வெட்டுத்தான் தெரியும். மாசியிலை ஒருத்தன் வாறான், வெட்டுறான், காசை வாங்கிக்கொண்டு போறான். வருசத்திலை ஒரு போகம். மிச்ச நாள் கொடி சும்மா நிக்குது."

கொடி சும்மா நிற்கவில்லை, சேமிக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் அடுத்த பந்தியில் அதுதான் இருந்தது. குளிர்காலம் உள்ள நாட்டில் இப்படி வெட்டக் கூடாது, ஏன் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் அப்பா கரண்டியை வைத்துவிட்டு, வெட்டவேண்டிய கணுவைத் தன் சுட்டுவிரலில் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கதைத்து நாளாகியிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் எங்கள் கூடத்தில் மூச்சுவிட நேரமில்லாத மாதம். தீவு முழுவதும் அறுவடை. ஒவ்வொரு நாளும் பெட்டி பெட்டியாகப் பிழிசாறு வரும். போத்தலில் ஒட்டிய தாள் நனைந்து எழுத்துக் கரைந்திருக்கும். நான் சிஞ்ஞோரா வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அப்பா அந்த வாரங்களில் வேலைக்கு அரை மணி முந்திப் போனார். "ஏதோ வைச்சிருக்கிறார்" என்று அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு பின்னேரம் அப்பா போனை என் முன்னால் வைத்தார். படத்தில் ஒரு முழ நீளத் தளிர்கள், கண்கூசும் பச்சையில். நடுவில் மிளகளவு மணிகளோடு சின்னக் குலைகள்.

"வடிவா இருக்கு. ஆரின்டை தோட்டம்? ஊரிலை இருந்து அனுப்பினவையோ?"

"ஊரோ? லிபெர்த்தா."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் கல்தூண் தெரிந்தது.

"நீதானே வாசிச்சனி" என்றார் அப்பா. முகம் முழுதும் சந்தோசம். "சிஞ்ஞோராவுக்குச் சொல்லிப்போட்டன். புதுவருசத்துக்குப் பழம். தவக்காலத்துக்கு முன்னம் குடுவை நிரம்பும்."

குளிருக்கு முன் தளிர் முற்றாது என்ற என் கணக்குப் பிழையாக இருக்கலாம் என்று ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். மறுநாள் தொத்தோரெஸ்ஸாவிடம் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

பழம் இறங்கிய பிறகுதான் இலை கொடிக்காக வேலை செய்கிறது என்றார். அந்த இரண்டு மாதத்தில் செய்யும் மாவுச்சத்து வேருக்கும் அடிமரத்துக்கும் இறங்கி, அடுத்த வசந்தத்துக்குக் காத்திருக்கும். இலையை உருவியதால் வரவு நின்றது. வெட்டி, எருவும் தண்ணீரும் போட்டதால் இருந்ததையும் தளிருக்குச் செலவழித்தது. வரும் வசந்தத்தில் திறக்க வேண்டிய மொட்டு இப்போதே திறந்துவிட்டது. இந்தத் தளிர் முற்றிக் கட்டையாவதற்கு முன் குளிர் வரும், கருகும். கொடி இளையது என்றால் பிழைக்கும். பழைய கொடி என்றால் சொல்ல முடியாது.

"யார் செய்தது?"

"என் அப்பா."

"ஏன் செய்தார்?"

"நான் ஒரு பக்கத்தில் பாதியை வாசித்துக் காட்டினேன்."

"அப்போ போய் மற்றப் பாதியையும் வாசி" என்றார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார்: குலைகளைக் கிள்ளிவிடு, இலை ஒன்றையும் தொடாதே, எருவையும் தண்ணீரையும் நிறுத்து, மார்ச் வரை பொறு.

வீட்டில் சொன்னபோது அப்பா முதலில் சிரித்தார். "இஞ்சை பனியே விழுறேல்லை. இதென்ன குளிர்? எனக்கே குளிரேல்லை, கொடிக்கு என்ன?"

"நீங்கள் ரெண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு போற ஆள்" என்றார் அம்மா.

"நீ ஒருக்காப் பேசாமல் இரு." என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீ குழாயிலை ஊத்திப் பாக்கிறனி. நான் நட்டு வளத்தனான். வித்தியாசம் இருக்கு."

"இருக்கு, அப்பா. நீங்கள் வளத்த இடத்திலை வெயில் முடியிறேல்லை. அதாலைதான் வெட்டினனீங்கள். குளிர்காலம் செய்யிற வேலையை அங்கை கத்தரிக்கோல் செய்யுது. இஞ்சை குளிர்காலம் தானா வரும். ரெண்டும் சேந்தாக் கொடி தாங்காது."

புத்தகத்தை எடுத்து இரண்டாம் பாதியைத் தமிழில் சொல்லி வாசித்தேன். அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, "இதை அண்டைக்கு ஏன் வாசிக்கேல்லை?" என்றார்.

"நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"அதுக்கென்ன? நிப்பாட்டியிருக்கலாமே."

அன்றைக்கு அவரை நிறுத்த எனக்கு மனம் வந்திருக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தேன்.

சற்றுக் கழித்து அப்பா, தனக்குச் சொல்வதுபோல், "அது அவவின்டை மனுசன் வைச்ச கொடி" என்றார். பிறகுதான் அவருக்கு எதற்குப் பயம் என்று எனக்குப் பிடிபட்டது. வேலையைப் பற்றிய பயம் இருந்தது. அதைவிட, பதினேழு வருடமாக வீட்டைத் திறக்கும் திறப்பைக் கையில் கொடுத்து வைத்திருந்தவரின் வீட்டில், அவர் கணவரின் மிச்சமாக நின்ற ஒன்றைத் தன் கையால் கொன்றுவிட்டேனோ என்ற பயம்.

சனிக்கிழமை இருவருமாகப் போனோம். சிஞ்ஞோரா பந்தலின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பச்சையைத் தங்கைக்குத் தொலைபேசியில் விவரித்து முடித்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அப்பா தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

சிஞ்ஞோரா கேட்டு முடித்துவிட்டு மேலே பார்த்தார். "சாகுமா?"

"மார்ச்சில்தான் தெரியும், சிஞ்ஞோரா."

"மார்ச். என் வயதில் உள்ளவளிடம் மார்ச் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய்." பிறகு, "இப்படி வெட்டச் சொன்னது யார்?"

"நான். வாசித்துக் காட்டியது நான்."

அப்பா தன் இத்தாலிய மொழியில் குறுக்கே வந்தார். அந்த மொழியில் அவருக்கு வினைச்சொற்கள் எப்போதும் நிகழ்காலத்தில்தான் வரும். "இல்லை, சிஞ்ஞோரா. மகள் வாசிக்கிறாள். நான் வெட்டுகிறேன். உங்களிடம் கேட்காமல் வெட்டுகிறேன்."

சிஞ்ஞோரா கையை நீட்டினார். அப்பா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"குலைகளைக் கிள்ள வேண்டும் என்கிறாள். கையால் கிள்ளு. நீயே ஏறு."

அப்பா ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன். பச்சை மணிகள் வாளிக்குள் விழுந்தன. முடிந்த பிறகு சிஞ்ஞோரா வாளியிலிருந்து ஒரு குலையை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டுச் சமையலறை மேசையில் வைத்தார். திங்கட்கிழமை வரலாமா என்று அப்பா கேட்டார். "திங்கட்கிழமை தரை துடைக்க வேண்டாமா?" என்றார் சிஞ்ஞோரா. ஆனால் முற்றத்துக்கு இனித் தான் சொன்னால் மட்டும் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுதும் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இண்டைக்கு எத்தினை பாகை?" நான் போனில் வெப்பநிலையைப் பார்த்துச் சொல்வேன். ஜனவரியில் தொடர்ந்து சில நாள் வடக்குக் காற்று அடித்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. தளிர்கள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வருவதைச் சமையலறை யன்னலால் பார்த்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பெப்ரவரியில் என் உரை. மேற்கு மலைச்சாரலின் ஒரு சிவப்பு வைனை ஊற்றிக் கொடுத்து, சாடித் துண்டில் தொடங்கி இரட்டை வெட்டில் முடித்தேன். வைன் பரவாயில்லை, பழுத்த பழத்தின் மணம், முடிவில் சற்றுக் காரம். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர், வெட்டினால் ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் சிசிலியில் ஏன் எவரும் முயலவில்லை என்று கேட்டார். ஒரு முற்றத்தில் முயன்றார்கள் என்று சொன்னேன். என்ன நடந்தது என்பதை மாதவாரியாகச் சொன்னேன். செய்தவர் யார் என்று சொல்லவில்லை. தொத்தோரெஸ்ஸா தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் அவரே ஒரு சனிக்கிழமை லிபெர்த்தாவுக்கு வந்தார். சிஞ்ஞோரா அப்பாவையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். தொத்தோரெஸ்ஸா கொடியின் ஒவ்வொரு கையின் பட்டையையும் நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை என்றால் உயிர். முதல் கையில் பச்சை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பச்சை. நான்காவதில் நகம் போன இடமெல்லாம் காய்ந்த கபில நிறம். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று அடிவரை சுரண்டிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் போதாது, மரம் அறுக்கும் வாள் வேண்டும் என்றார். அப்பா போய் வாள் கொண்டுவந்தார். கேட்காமலே அறுக்கும் இடத்துக்குக் கீழே தோள் கொடுத்து நின்றார், கை விழும்போது மற்றவற்றை முறிக்காமல் இருக்க.

அறுத்து முடித்து இளைப்பாறும்போது தொத்தோரெஸ்ஸா அப்பாவிடம் யாழ்ப்பாணத்தில் தண்ணீரை எத்தனை நாள் நிறுத்துவீர்கள் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்தேன். மண்ணைப் பொறுத்து என்றார். செம்மண் என்றால் இத்தனை நாள், மணல் கலந்தால் குறைவு. தொத்தோரெஸ்ஸா பையிலிருந்து தாள் எடுத்து எழுதிக்கொண்டார். "உது அங்கை" என்றார் அப்பா கடைசியில். "இஞ்சை வேறை எண்டும் எழுதச் சொல்லு, பிள்ளை." சிஞ்ஞோரா அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, கோப்பி போட உள்ளே போனார்.

இப்போது ஏப்ரல் கடைசி. மூன்று கைகளிலும் தளிர் இருக்கிறது. மெல்லியது, இலை சிறியது. இரண்டு குலை பூத்தது. அவற்றையும் அப்பா கிள்ளிவிட்டார், இம்முறை சிஞ்ஞோராவைக் கேட்டு. இந்த ஆண்டு அந்த வீட்டில் வைன் இருக்காது. அப்பா திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிறார், முற்றத்துக்கும் போகிறார். நான் கூடத்தின் சுவைக் குழுவில் சேர்ந்துவிட்டேன். கொடி உயிரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு காய்க்குமா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.